ஒண்டுக்குடித்தனக் கடல்

ராயபுரத்துக் கடலோரத்தில் கால் புதைய நடக்க மணல் அதிகம் கிடையாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே திருவொற்றியூர் பக்கம் போனால், வலக்கைப் பக்கம் நெடுகக் கருங்கற்கள் கொட்டிக் கிடக்கும். இந்தப் பாறைக்கரை மனிதர் கையால் வந்தது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் அலையும் நீரோட்டமும் ஒரு வருடத்தில் வடக்கே தள்ளும் மணல், தெற்கே தள்ளுவதைவிட மிக அதிகம். அந்த மணல் சுவரில் முட்டி நின்றது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே மணல் வரத்து இல்லாமல் ராயபுரமும் அதற்கு அப்பால் உள்ள குப்பங்களும் கரையை இழந்தன. மிச்சமிருந்த தெருக்களைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் விழுந்த இடமெல்லாம் கல்லில் வாழும் உயிர்கள் வந்து குடியேறிவிட்டன.

வீட்டில் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கற்களை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும் என்பேன். கடல் வடிந்திருக்கும் நேரமாகப் போங்கள். உச்சியில், அலைத்துளி மட்டும் தெறிக்கும் இடத்தில், விரல்நுனி அளவு நத்தைகள் வெயிலில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அதற்குக் கீழே கொட்டலசுகள் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும். இன்னும் கீழே, கூம்பு ஓட்டோடு பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும் லிம்பெட் நத்தைகள். நீர் தேங்கிய குழிகளில் காலி ஓடுகளைச் சுமந்து திரியும் சங்கு நண்டுகள். ஒரே கல்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதில் உயரம் வேறு, உணவு வேறு, வெளியே வரும் நேரம் வேறு. லிம்பெட் பாறையின் மேல் படியும் மெல்லிய பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்கிறது. கொட்டலசு நீரில் மிதந்து வருவதை வடிகட்டுகிறது. சங்கு நண்டு விழுந்ததையும் செத்ததையும் பொறுக்குகிறது. எந்த உயிரை எதனோடு சேர்த்து வைக்கலாம் என்ற கேள்விக்கான அடிப்படை விடை இந்தக் கல்லிலேயே இருக்கிறது: வேண்டுவது ஒன்றாக இல்லாதவை சேர்ந்து வாழும்.

பழைய ராயபுரத்து வீடுகளில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருப்பார்கள். குழாய் ஒன்று, கழிவறை ஒன்று. யார் எப்போது தண்ணீர் பிடிப்பது, எந்தத் திண்ணை யாருடையது என்பதெல்லாம் எழுதாத ஒப்பந்தமாக நடக்கும். கோபித்துக்கொண்டு நகர்ந்து போக இடம் இல்லாததால் அந்த ஒப்பந்தம் தேவைப்பட்டது. சிறு தொட்டியில் மீன்களின் நிலைமையும் அதுதான். ஆனால் மீன்கள் தங்களுக்குள் பேசி முடிவுக்கு வர முடியாது. ஒப்பந்தத்தை அவற்றுக்காக நாம்தான் முன்கூட்டியே யோசித்து முடிக்க வேண்டும். கடையில் காசு கொடுக்கும் நிமிடத்திலேயே பெரும்பாலும் எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது.

காசிமேட்டில் வலை உதறும்போது உயிரோடு விழும் குஞ்சுகளை வாளியில் போட்டு எடுத்துப் போகும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பில் கறுப்பு வளைகோடுகளோடு துறுதுறுவென்று நீந்தும் கீச்சான் குஞ்சு பார்க்க அழகு. ஆனால் அது மற்ற மீன்களின் செதிலைக் கொத்தித் தின்னும் பழக்கம் உடையது. களவாக் குஞ்சு தன் வாயில் நுழையும் எதையும் விழுங்கும். அதன் வாயும் மாதாமாதம் பெரிதாகும். பேத்தைக்கும் கிளாத்திக்கும் ஓட்டை உடைப்பதற்கென்றே அமைந்த பற்கள் உண்டு. அவை இருக்கும் தொட்டியில் நத்தையும் நண்டும் இறாலும் தீனி. மடவை கூட்டமாக நெடுந்தூரம் நீந்துகிற மீன். ஒரா பாசி மேய்வது என்பதால் பயன்படும் என்று தோன்றும். ஆனால் அது வளர்ந்து பெரிதாகும், அதன் முதுகு முட்களில் நஞ்சும் உண்டு. இந்த ஆறு மீன்களில் எதுவும் கெட்ட மீன் அல்ல. அவற்றின் இடம் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கடல்.

சிறு தொட்டி என்று நான் சொல்வது 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியை. கணக்குப்படி 65 லிட்டர். மணலும் கல்லும் போட்ட பிறகு தண்ணீர் 50 லிட்டர் அளவில் நிற்கும். மீன் பட்டியலுக்குப் போவதற்கு முன் இந்த 50 லிட்டரின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீனின் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அதுதான் வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அந்த அளவுக்கு இல்லை. இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஃபில்டரிலும் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல்நீரின் காரத்தன்மை அதிகம், பி.எச். 8.2 அளவில் இருக்கும். சென்னை வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாகச் செயல்படும் பங்கு பத்து மடங்குக்கு மேல். கொளத்தூர்ச் சந்தையில் வாங்கிய கப்பி தாங்கிக்கொண்டதைக் கடல் மீன் தாங்காமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அடுத்தது மூச்சு. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரி கடல்நீரில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். வெப்பம் ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் தேவையும் கூடும். மே மாதத்து ராயபுரத்தில், மதியம் கரன்ட் போய் பம்ப் நின்றால், நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரியில் ஓடும் ஒரு காற்று பம்ப் வாங்கி வையுங்கள். அதைவிட முக்கியம், மீன்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைப்பது. ஆவியாதலையும் மறக்கக் கூடாது. 50 லிட்டரில் இரண்டு லிட்டர் ஆவியானால், ஆயிரத்துக்கு 35 ஆக இருந்த உப்பளவு 36.5-ஐ நெருங்கும். உப்பு ஆவியாகாது என்பதால், குறைந்த நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

கடல் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது காசு கொடுத்து உப்பு வாங்கி எதற்குக் கலக்க வேண்டும் என்று கேட்பார்கள். ராயபுரம், எண்ணூர் கரையோரத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூவமும் கொசஸ்தலையும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் கரையோர உப்பளவு இறங்கிவிடும். அதோடு சாக்கடையும் ஆலைக் கழிவும் எண்ணெயும் வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து, உப்பளவு மானியில் 33 முதல் 35-க்குள் வைத்தால் போதும்.

இனி மீன்கள். 1963இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில், விலங்குகளின் சண்டைக்குணத்தைப் பற்றிப் பேச வந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ், பவளப்பாறை மீன்களிலிருந்துதான் தொடங்கினார். ஃப்ளோரிடாவின் கடலிலும் தம் தொட்டிகளிலும் அவர் கவனித்த செய்தி இது: பளிச்சென்ற நிறங்களும் பட்டைகளும் உடைய மீன்கள் தங்கள் இனத்தைச் சேர்ந்த மீனையே மிக மூர்க்கமாகத் தாக்குகின்றன, வேற்றினத்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. காரணம் வயிறு. அதே இன மீனுக்கு அதே உணவு, அதே பொந்து, அதே துணை வேண்டும். அதைவிடப் பெரிய போட்டியாளர் கிடையாது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். பாசி மேயும் டாம்செல் மீன், தன் மேய்ச்சல் நிலத்துக்குள் வரும் வேற்றின மீன்களிலும் பாசி தின்பவற்றைத் தேடித் துரத்துகிறது.

பாறைத் தொடரில் துரத்தப்பட்ட மீன் சில அடி தூரம் விலகிப் போனால் போதும், விஷயம் முடிந்தது. தொட்டியில் அந்தச் சில அடி இல்லை. தோற்ற மீன் தோற்ற இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. அது போகாததால் வென்ற மீனும் ஓய்வதில்லை. மூலையில் ஒண்டி, செட்டை கிழிந்து, தீனி எடுக்காமல் ஒரு மீன் சாகும்போது நாம் நோய் என்று எழுதிவிடுகிறோம். கடைகளில் மலிவாகவும் கல்லுக்குண்டாகவும் கிடைக்கும் நீல டாம்செல், மூன்று பட்டை டாம்செல் ஆகியவற்றைத் தொடக்கக்காரருக்கு விற்கிறார்கள். 65 லிட்டருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வருடத்தில் அந்தத் தொட்டி முழுவதையும் ஒரே டாம்செல் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். பிறகு எதையும் சேர்க்க முடியாது.

இந்த அளவுக்கு நான் முதலில் சொல்வது இரண்டு கோமாளி மீன்களை. அந்தமான் கடலில் இருக்கும் ஒசெல்லாரிஸ் இனம் விரல் நீளத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். நம் கிழக்குக் கரையில் கிடைக்கும் செபே கோமாளி அரை அடிக்குப் பக்கத்தில் வளரும். அது பெரிய தொட்டிக்கு. கோமாளி மீன் பிறக்கும்போது பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாகும், மற்றவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாகிவிடும். ஆகவே ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு இளம் மீன்களை வாங்குங்கள். யார் பெண் என்பதில் சில நாள் உரசல் இருக்கும். சிறியது உடம்பை நடுக்கிக் காட்டிப் பணிந்ததும் முடிந்துவிடும். சம அளவில் இரண்டு முதிர்ந்த பெண்களைச் சேர்த்தால் ஒன்று சாகும் வரை சண்டை நிற்காது. மூன்றாவது கோமாளி வேண்டவே வேண்டாம். கடல் சாமந்தியும் தேவையில்லை. கடலில் அது கோமாளிக்குக் காவல். எதிரியே இல்லாத தொட்டியில் காவல் எதற்கு? தவிர, சாமந்திக்கு வேண்டிய ஒளியும் நிலையான நீரும் புதுத் தொட்டியில் கிடைப்பது கஷ்டம். அது செத்து அழுகினால் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

கோமாளிகள் நடுநீரில் இருக்கும். அடித்தளத்துக்கு ஓர் உளுவை. உளுவைக் குடும்பத்தில் சில இனங்கள் பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்துகின்றன. இந்த இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு, ஆனால் வளை தோண்டுவதில் கெட்டிக்காரன். உளுவைக்குக் கண் கூர்மை. இறால் மணலை வாரி வெளியே தள்ள வரும்போதெல்லாம் தன் மீசையின் ஒரு நுனியை உளுவையின் மேல் வைத்திருக்கும். ஆபத்தென்றால் உளுவை வாலை ஒரு முறை சிலிர்க்கும். இரண்டும் உள்ளே போய்விடும். ஒரு சாண் அகல மணலில் இந்த நாடகத்தை ஆண்டுக்கணக்கில் பார்க்கலாம். இவ்வளவு செறிவான உறவை இவ்வளவு சிறிய இடத்தில் காட்டுகிற வேறு ஜோடியை எனக்குத் தெரியாது. மணலை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்கள். கல்லை மணலின் மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் பதித்துவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். இல்லாவிட்டால் இறால் தோண்டத் தோண்டக் கல் சரிந்து விழும். உளுவைகள் துள்ளி வெளியே விழக்கூடியவை, வலைமூடியும் அவசியம்.

நான்காவதாக ஒரு மீன் வேண்டுமென்றால் பங்காய் கார்டினல். இந்தோனேசியாவின் சுலாவெசிக்குப் பக்கத்தில் உள்ள பங்காய் தீவுகளை மட்டும் தாயகமாகக் கொண்ட மீன் அது. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவுவதில்லை. அதனால் ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பாது. 1990களின் நடுவில் மீன்வளர்ப்போர் கண்ணில் பட்டது. 2007இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பண்ணையில் பிறந்தது என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள், ஒன்று மட்டும். அதோடு மீன் பட்டியல் முடிந்தது. மாண்டரின் மீனின் அழகில் மயங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு ஓட்டுடலிகளை நாள் முழுவதும் பொறுக்கித் தின்னும் அதற்கு 50 லிட்டரில் போதிய இரை உற்பத்தியாகாது. மற்ற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணி பொறுக்கி வாழும் கிளீனர் ராஸ் மீனும் அப்படியே பட்டினியில் சாகும்.

சுத்தம் செய்யும் உயிர்கள்தான் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. நத்தை வாங்கிப் போட்டால் தொட்டி சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நத்தை பாசியைத் தின்று கழிவாக வெளியேற்றுகிறது. பாசிக்குள் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரும்பவும் அதே தண்ணீரில்தான் கலக்கின்றன. அவற்றைத் தொட்டியை விட்டு உண்மையில் வெளியேற்றுவது நீர் மாற்றமும், நுரையோடு கழிவை அள்ளும் ஸ்கிம்மரும், பாசியைப் பிடுங்கி எறியும் உங்கள் கையும்தான். நத்தையின் பங்கு வேறு. பாசி அடர்ந்து இடத்தைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது; இடுக்கில் கிடந்து அழுக வேண்டிய தீனியை உடனே தின்று பாக்டீரியாவுக்குச் சிறு துகளாகத் தருகிறது. அதுவும் தொட்டியில் ஒரு வாய், ஒரு வயிறு.

மேயும் உயிர் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை உலகம் ஒரு விபத்தில் தெரிந்துகொண்டது. 1967 மார்ச் மாதம் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்குப் பக்கத்தில் பாறையில் மோதியது. கரைக்கு வந்த எண்ணெயைக் கரைக்க ஆயிரக்கணக்கான டன் ரசாயனக் கழுவிகளைத் தெளித்தார்கள். எண்ணெயைவிட அந்தக் கழுவிகளால்தான் லிம்பெட் நத்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில மாதங்களில் அந்தப் பாறைகள் பச்சைப் பசேலென்று மாறின. முதலில் மெல்லிய பச்சைப் பாசி, பிறகு அடர்ந்த பழுப்புப் பாசி. அவ்வளவு தீனியைக் கண்டு லிம்பெட் குஞ்சுகள் ஏராளமாக வந்து அமர்ந்தன, அளவுக்கு மீறிப் பெருகின, பாசியை மொட்டையடித்தன, பிறகு தீனியில்லாமல் பட்டினி கிடந்தன. இந்த ஏற்ற இறக்கம் அடங்கப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கெட்டியான எண்ணெய் நம் கற்களின் இடுக்கிலெல்லாம் அப்பிக்கொண்டது. மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். அப்போது மனிதர்களின் துயரத்தோடு சேர்த்து, அந்தக் கல்லைச் சுரண்டி வாழ்ந்த நத்தைகளையும் நினைத்திருக்க வேண்டும்.

கார்ன்வாலில் நடந்தது தொட்டியில் மூன்றே மாதத்தில் நடக்கும். புதுத் தொட்டியில் மூன்றாவது, நான்காவது வாரம் கண்ணாடியும் மணலும் பழுப்பாகும். அது டயட்டம் என்ற நுண்பாசியின் படலம், தானாகவே குறையும். அதைக் கண்டு பயந்து இருபது நத்தையும் பதினைந்து நண்டும் வாங்கி விடுகிறார்கள். இரண்டு வாரத்தில் தொட்டி பளபளக்கும். அடுத்த மாதம் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழும். செத்த நத்தை அம்மோனியாவாகும், அது கடைசியில் பாசிக்கு உரமாகும், மறுபடி நத்தை வாங்கப் போவார்கள். ஐந்து நத்தையோடு தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்தும் பாசி மிஞ்சினால் இன்னும் இரண்டு.

எந்த நத்தை? கண்ணாடியிலும் கல்லிலும் படலம் மேய டர்போ, ட்ரோக்கஸ் குடும்பத்துச் சிறு இனங்கள் நல்லவை. தூத்துக்குடி, மண்டபம் பக்கத்துப் பாறைகளில் இவை உண்டு. ராயபுரத்துக் கல்லின் உச்சியில் பார்த்தோமே, அந்த நெரைட் வகை நன்றாக மேயும், ஆனால் ஏறி வெளியே வந்துவிடும். நீர்மட்டத்துக்கு மேலே வாழ்ந்து பழகிய உயிரை நீருக்குள் நிறுத்தி வைக்க முடியாது. மணலுக்குள் புதைந்திருந்து, தீனி வாசனை வந்ததும் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு கிளம்பும் நசாரியஸ் நத்தை இரண்டு மூன்று இருக்கலாம். அது பாசியைத் தொடாது. இறைச்சித் துண்டுகளைத்தான் தேடும். மணலையும் அவ்வப்போது கிளறிவிடும். வலையில் வரும் புறாமுட்டைச் சங்கும் இதே பழக்கம் உடையதுதான், ஆனால் அதன் பசிக்கு இந்தத் தொட்டி போதாது.

சங்கு நண்டில் விரல்நகம் அளவே வளரும் கிளிபனேரியஸ் போன்ற சிற்றினங்களை மட்டும் எடுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். அவை வளர வளரப் பெரிய ஓடு தேட வேண்டும். காலி ஓடு கிடைக்காவிட்டால் உயிருள்ள நத்தையைக் கொன்று அதன் ஓட்டை எடுத்துக்கொள்ளும். நண்டின் அளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிய அளவிலும் பத்துப் பன்னிரண்டு காலி ஓடுகளைத் தொட்டியில் போட்டு வைத்தால் இந்தக் கொலை வெகுவாகக் குறையும். கடற்கரையில் பொறுக்கிய ஓடுகளை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் போடலாம். சிவப்பு வெள்ளைக் கோடுள்ள கிளீனர் இறால் ஒன்று போதும். தோல் உரித்த மறுநாள் உரித்த சட்டை மிதப்பதைக் கண்டு செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறால் கல்லுக்குள் ஒளிந்திருக்கும். சிவப்பு வெள்ளை வளையங்களும் நீண்ட கொடுக்குகளும் கொண்ட பாக்ஸிங் இறாலை இதோடு சேர்க்கக் கூடாது. அது மற்ற இறால்களைக் கொல்லும்.

கடைக்காரர்களும் வெளிநாட்டுப் புத்தகங்களும் சொல்லும் சில பெயர்களை நம் ஊரில் மறந்துவிட வேண்டும். அவற்றில் முதலாவது கடல் அட்டை. அது மணலை விழுங்கிச் சத்தை எடுத்துக்கொண்டு சுத்தமாக வெளியேற்றும் அருமையான உயிர்தான். ஆனால் 2001 முதல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே அதற்கும். பாக் நீரிணை வழியாக நடக்கும் கடல் அட்டைக் கடத்தல் செய்திகளை வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சிறு தொட்டியில் அது செத்தால் உடலிலிருந்து கசியும் ஹோலோதுரின் நஞ்சு எல்லா மீனையும் கொன்றுவிடும். கடல் குதிரை, பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி ஆகியவையும் அதே சட்டத்தின் காவலில் உள்ளவை. பெரிய ட்ரோக்கஸ் நைலோடிக்கஸ், டர்போ மார்மோரேட்டஸ் சங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. மேலைநாட்டுக்காரர்கள் உயிர்ப்பாறை என்று பவளப்பாறையின் துண்டைப் போட்டுத் தொட்டியைத் தொடங்குவார்கள். இந்த முறையை 1961இல் எழுத்தில் உலகுக்குச் சொன்னவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். இங்கே அதற்கு வழியில்லை. துளை நிறைந்த செயற்கைக் கல்லோ பீங்கான் கல்லோ வைத்து, பாக்டீரியா குடியேறும் வரை ஆறு வாரம் பொறுத்திருப்பதுதான் நம் வழி. நட்சத்திர மீனும் வேண்டாம். மணலில் வாழும் சிற்றுயிர்களைத் தின்று வாழும் அது, இந்த அளவு மணலைச் சில மாதத்தில் காலி செய்துவிட்டுப் பட்டினியால் கரைந்து போகும்.

வாங்கிச் சேர்க்கும் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. பாசி தெரியத் தொடங்கியதும் நத்தைகள். இரண்டு வாரம் கழித்து உளுவையும் அதன் இறாலும். பிறகு கார்டினல். கோமாளிகள் கடைசியில். சாதுவான மீன் முதலில் வந்து தன் பொந்தைப் பிடித்துக்கொண்டால், பிற்பாடு வரும் வலியது அதை அவ்வளவு எளிதில் வெளியேற்றாது. புதிய மீன் ஒவ்வொன்றையும் நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு நம்பகமான மருந்து தாமிரம். ஆனால் மீனைக் காப்பாற்றும் அளவு தாமிரம் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும், கல்லிலும் மணலிலும் ஊறிப் பின்னும் கசியும். ஆகவே நத்தையும் இறாலும் இருக்கும் தொட்டியில் மருந்து என்ற வழியே அடைபட்டுப் போகிறது. நோயை வாசலில் நிறுத்துவது ஒன்றே மிச்சம்.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். பிலிப் ஹென்றி காஸ் 1854இல் கடல்நீர்த் தொட்டி பற்றி எழுதிய புத்தகம் இங்கிலாந்தில் ஒரு மோகத்தையே கிளப்பியது. பாறைக் குழிகளைச் சேகரிப்பவர்கள் மொய்த்தார்கள். தம் தந்தை ரசித்துக் காட்டிய அந்தக் கரை எப்படிச் சூறையாடப்பட்டது என்று அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வேதனையோடு எழுதினார். இரண்டே ஆண்டு கழித்து, 1909இல், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினாவில் சென்னையின் மீன் காட்சியகம் திறந்தது. அன்று எல்லா மீனும் கடலிலிருந்துதான் வரவேண்டும். இன்று அப்படியில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும், மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீன்களைப் பொரித்து வளர்க்கும் முறையில் தேர்ந்திருக்கின்றன. லட்சத்தீவின் அகத்தியில் தீவுப் பெண்களே அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். பண்ணைக் கோமாளி முதல் நாளிலேயே தூள் தீனி எடுக்கும், தொட்டிச் சுவரைக் கண்டு மிரளாது. விலை கொஞ்சம் கூடுதல்தான். அந்தக் கூடுதலைத் தயங்காமல் கொடுங்கள்.

கடைசியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாமென்று ஆன எந்த உயிரையும் ராயபுரம் கடலில் கொண்டு விடாதீர்கள். அது கருணைபோலத் தெரியும், ஆனால் அது கருணையில்லை. 1985இல் ஃப்ளோரிடா கரையில் முதல் லயன் மீன் கண்ணில் பட்டது. தொட்டிக்காரர்கள் விட்ட மீன்களின் வழித்தோன்றல்கள் இன்று கரீபியக் கடல் முழுவதும் உள்ளூர்க் குஞ்சுகளைத் தின்று பெருகியிருக்கின்றன. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எண்ணூர் கழிமுகத்தில் தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி வந்து படர்ந்து, இறாலும் நண்டும் மேய்ந்த சேற்றுத் தரையைப் பாய் விரித்தாற்போல மூடிவிட்டது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அது மூடிய இடத்தில் கையால் இறால் தடவிப் பிடித்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ இன்னொரு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். மாற்றிய பழைய தண்ணீரில் ஒரு மூடி பிளீச்சிங் கரைசல் விட்டு, ஒரு மணி நேரம் வைத்து, வீட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள்; கடலிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்ற வேண்டாம்.